தமிழ் டீச்சர் நடத்திய கோணங்கள்

முறிந்த கால் கூடி, மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு மலைமேலுள்ள வளப்பூர் நாட்டுப் பள்ளிக்கு நான் திரும்பிய காலையில், ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளையும் இல்லை. பள்ளிக்கு வெளியே தார் ரோட்டை ஒற்றையடிப் பாதை குறுக்கே வெட்டிப்போகும் இடத்தில், மூலைக்கு ஒருவராக நான்கு பேர் நின்றிருந்தார்கள். மற்றவர்கள் சுற்றி நிற்க, நடுவே தமிழ் டீச்சர். நான் விடுப்பில் இருந்த நாளெல்லாம் என் கணக்கு வகுப்பையும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

"எதுத்தெதுத்தாப்புல நிக்கறவங்க என்ன ஜோடி கண்ணு?"

"குத்தெதிர்க் கோணமுங்க."

ரோட்டின் ஒரே பக்கத்தில் நின்ற இருவரைக் காட்டியதும், அது நேரிய கோண இணை, கூட்டினால் நூற்றெண்பது பாகை என்றார்கள். ஆண்டுதோறும் நான் கரும்பலகையில் படம் போட்டு, ஆண்டுதோறும் பிள்ளைகள் குழம்பிப்போகும் பாடம் அது. எனக்கு வயிறு எரிந்தது.

மதியம் வகுப்பில் ஒரு கோட்டை நேராகப் போட்டேன். அதை வெட்டிய கோட்டை, வெட்டும் இடத்தில் வேண்டுமென்றே ஒடித்துத் திருப்பினேன். எதிரெதிரே இருப்பவை என்ன கோணங்கள் என்று கேட்டேன். குத்தெதிர் என்றது வகுப்பு முழுவதும். இரண்டு கோடும் நேராகப் போனால்தான் குத்தெதிர். அப்போதுதான் அவை சமம். தமிழ் டீச்சர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு மனம் இனித்தது. தலைமையாசிரியர் இருக்கும்போதே ஆசிரியர் அறையில் தமிழ் டீச்சரிடமே அதைச் சொன்னேன்.

மறுநாள் தமிழ் டீச்சர் என் வகுப்புக்கு வந்து, கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டார். "எனக்கும் அது தெரியலீங்க டீச்சர். இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். சொன்னேன். பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சில வாரம் கழித்துப் பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, அப்படியே ஓர் ஒடிந்த கோட்டைப் போட்டுக் கேட்டார். ஒரு சிறுமி எழுந்தாள். "கோடு ஒடிஞ்சிருக்குதுங்க சார். இதுல குத்தெதிர் வராதுங்க."

யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் கேட்டார்.

"தமிழ் டீச்சருங்க."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தமிழ் டீச்சர்தான் பதறிப்போய் முன்னால் வந்தார். "இல்லீங்க சார். அது கணக்கு டீச்சர் சொன்னதுங்க. நானே அவங்ககிட்டத்தான் கத்துக்கிட்டேன்."

அதிகாரி சிரித்தார். இவ்வளவு திறமையும் அடக்கமும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அபூர்வம் என்று சொல்லி, தமிழ் டீச்சரைக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

தமிழ் டீச்சர் மாற்றலாகி மலையிறங்கிப் போய் வெகுநாளாகிறது. அன்று அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால், இன்றுவரை அவரை நிம்மதியாக வெறுத்துக்கொண்டிருப்பேன்.