ரோதமுனியும் இலத்திரனும்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கஜேந்திரன் பதினெட்டு வருசமாக மின்சார வேலை பார்க்கிறார். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவர். ஆனால் பௌதிகப் புத்தகம் கையில் கிடைத்துவிட்டால் சோறு தண்ணி மறந்துபோகும். இரும்புக்குள்ளே பெரும்பகுதி வெறும் வெளிதான், மின்சாரமாக ஓடும் இலத்திரன் என்பது உருண்டை மணி இல்லை, எங்கும் பரந்து கிடக்கும் ஏதோ ஒன்றின் அதிர்வு என்று தேநீர் நேரத்தில் அவர் ஆரம்பித்தால், கேட்பவர்கள் ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். பாவம், அவர் சுவருக்குச் சொல்லி முடிப்பார்.

போன ஆடியில் கொழுந்தைச் சுருட்டும் இரண்டாம் நம்பர் ரோலரை இடம் மாற்றி வைத்தார்கள். இயந்திரத்தை அசைத்தால், அதைக் காக்கும் சாமியான ரோதமுனிக்குச் சேவல் அறுப்பது வழக்கம். அந்தத் தடவை மறந்துபோனார்கள். மூன்றாம் நாள், ரோலருக்குக் கொழுந்து போடும் அம்மாக்கண்ணு அதன் இரும்புச் சட்டத்தைத் தொட்டதும் தூக்கி எறியப்பட்டார். உயிர் தப்பியதே பெரிய காரியம்.

"முனி கோவிச்சுக்கிட்டாரு. சேவல அறுத்துட்டா சரியாப்போயிடும். நாளைக்கே வேலைக்கு வந்துடுவேன்" என்றார் அம்மாக்கண்ணு.

கஜேந்திரனின் கவலை வேறு. பூசை முடிந்த தைரியத்தில் இந்த அம்மா மறுபடியும் கை வைப்பார். இரண்டாம் தடவையும் தப்புவார் என்பதற்கு என்ன நிச்சயம்?

"அக்கா, அது முனி இல்ல. கரண்டு கசியுது. இலத்திரன்னு ஒண்ணு..."

"அத நீங்க பாத்திருக்கீங்களா தம்பி?"

"இல்லக்கா. கண்ணால யாரும் பாத்ததில்ல."

"அப்ப என் முனியும் உங்க எலத்திரனும் ஒண்ணுதான?"

எல்லாம் தெரியும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. அது உண்மையில் என்னவென்று பெரிய விஞ்ஞானிகளுக்கே முழுசாகப் பிடிபடவில்லை. மணி என்றார்கள், பிறகு அலை என்றார்கள். ஆனாலும் கணக்குச் சொன்ன இடத்தில் அது தவறாமல் வந்து நிற்கிறது. இல்லாத ஒன்று அப்படி வந்து நிற்குமா என்பதுதான் கஜேந்திரனின் கட்சி.

"என்னன்னு சொல்லத் தெரியாதுக்கா. எங்க இருக்கும்னு சொல்றேன்."

மெயினை நிறுத்தினார். வயரைப் பகுதி பகுதியாக மீட்டர் வைத்துச் சோதித்து, வயர் போகும் குழாயின் ஓரிடத்தில் சோக்குக் கட்டியால் கோடு போட்டார். பிறகுதான் குழாயைப் பிரித்தார். கோட்டுக்கு நேராக வயரின் தோல் உரிந்து கிடந்தது. இடம் மாற்றியபோது நசுங்கியிருக்கிறது. அறுந்திருந்த எர்த் வயரையும் காட்டினார். அம்மாக்கண்ணு குனிந்து பார்த்தார்.

மாலைக்குள் இரண்டையும் மாற்றியாயிற்று. ரோலர் ஓடியது. சட்டத்தில் மீட்டரை வைத்தால் பூச்சியம்.

"மொதல்ல நீங்க கைய வைங்க" என்றார் அம்மாக்கண்ணு.

எத்தனையோ தடவை செய்த வேலைதான். என்றாலும் பயமாக இருந்தது. அதை அந்த அம்மா பார்க்கிறார் என்று வெட்கமாகவும் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கரண்டு இருந்தால் விரல் இறுகிப் பற்றிக்கொள்ளாதபடி புறங்கையால் இரும்பைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. கையைத் திருப்பி உள்ளங்கையை வைத்தார்.

அம்மாக்கண்ணு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டீங்கல்ல தம்பி? அப்ப உங்க எலத்திரன் நெசமாவே இருக்கு" என்று சொல்லி, தன் கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.