அப்பாவுக்குக் கொடுத்த வசன அட்டை

சிங்கப்பெருமாள் கோயில் என்னும் ஊரில் எங்கள் சபையின் விடுமுறை வேதாகமப் பள்ளி மே மாதத்தில் பத்து நாள் நடக்கும். நான் நான்காம் வகுப்பு முடித்த வருஷம், டீச்சர் அக்கா ஆளுக்கொரு வசன அட்டை கொடுத்தார். அது யாருக்குத் தேவையோ அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வந்தால் பரிசு. எனக்கு வந்தது, கொலை செய்யக் கூடாது என்னும் கட்டளை. அன்றைய கதையும் பேதுரு வாளை உருவி ஒருவன் காதை வெட்டியதும், இயேசு அதை உறையில் போடச் சொன்னதும்தான்.

மற்ற பிள்ளைகள் ஆள் தேடி அலைந்தார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. பட்டாளத்தில் இருந்த அப்பா லீவில் வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் அட்டையை நீட்டினேன். படித்துப் பார்த்தார்.

"எனக்கா பாப்பா இது?"

"ஆமாப்பா. நீதான துப்பாக்கி வச்சிகினு கீற."

அம்மா கரண்டியை ஓங்கினாள். அப்பா அவளைத் தடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு வேதம் தெரிந்தது அரை ஆழாக்கு, தலைக்கனம் ஒரு மூட்டை.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான், யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர்கள் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட இடத்தை நின்று படித்தேன். வேலையை விடச் சொல்லவில்லை அவர். யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதுமென்று இரு என்றார். அப்பா இப்போது படூரில் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். கேட் ஓரம் நாற்காலியில் இருந்தவரிடம் போய் இதைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத் தைரியமில்லாமல் வசனத்தை முன்னால் விட்டேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும் பாப்பா. ஆனா அன்னிக்கு அட்டைய குடுத்தது நீயாச்சே."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. பரிசு கொடுத்த அந்த ஞாயிறு ஞாபகம் வந்தது. அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்குப் பெரியவர்கள் எல்லாரும் எழுந்து போய் முழங்காலிட்டார்கள்; மனதில் பாவ பாரம் உள்ளவர்கள்தான் போகமாட்டார்கள். அப்பா மட்டும் பெஞ்சிலேயே இருந்தார். முன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்த சித்தி அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மடியில் பரிசு டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டிருந்த நான், அப்பாவுக்கு முட்டி வலி என்று அவளிடம் சொன்னேன். அப்படித்தான் நம்பவும் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் தைலத்தை எடுத்துப் போய்த் தேய்த்துவிட உட்கார்ந்தேன். அப்பா காலை நீட்டிக் கொடுத்தார்.