கை நனைக்கக் கிழங்கான்

எங்கள் டவுன்ஷிப்பில் மீனுக்கும் கிரேடு உண்டு. வஞ்சிரம் அதிகாரி. சங்கரா பர்மனென்ட். மத்தி கான்ட்ராக்ட், என்றைக்கு வரும், என்றைக்கு வராது என்று அதற்கே தெரியாது. கிழங்கான் மட்டும் மெடிக்கல் லீவில் இருப்பது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கும், ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கும், இப்போதுதான் சோறு பழகும் பிள்ளைகளுக்கும் வாங்குவது. விரல் போல நீண்ட உடம்பு, வெள்ளைச் சதை, வாடை கிடையாது, அடம் கிடையாது, முள் தொட்டதும் கழன்று வரும். சந்தையில் அதை வாங்கிக்கொண்டு நடந்தால் எதிரே வருகிறவர்கள் விலை கேட்க மாட்டார்கள். "வீட்ல யாருக்கு முடியல?" என்பார்கள்.

அந்த மீனைத்தான் என் மகள் தன் கை நனைக்கும் விருந்துக்குத் தேர்ந்தெடுத்தாள்.

மாப்பிள்ளை வீடு நெல்லிக்குப்பம். பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனாலும் பெண் வீட்டு இலையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தால்தான் எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உறுதி. அதுவரை காபிதான், மிக்சர்தான். கை நனைக்காமல் எழுந்துவிட்டால் வைத்த பூவோடு பேச்சும் வாடிவிடும். பையனுக்கு அப்பா இல்லை. தாய்மாமன் சொல்வதுதான் அங்கே சட்டம். மகளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. அவனோடு போனில் பேசும்போது அவள் குரல் ஒரு படி இறங்கிவிடும். நான் பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

கடலே தெரியாத ஊரில் வளர்ந்து, கடலைப் பற்றிப் படித்தவள் அவள். "வஞ்சிரம் வேணாம்பா," என்றாள். "முட்டை வைக்கிற வயசு வர்றதுக்குள்ளயே குட்டிகுட்டியா புடிச்சித் தள்ளிடறாங்க. இப்ப தடைக்காலம் வேற. கிழங்கான்னா சீக்கிரம் வளரும். கரையோரத்திலயே சின்னப் படகுல போய் வலை போட்டு எடுத்துட்டு வந்துடுவாங்க. கடலுக்கு அதுதான் நல்லது."

"கடலுக்கு நல்லது, சரி. சம்பந்தத்துக்கு?" என்றாள் என் மனைவி.

"ஒரு மீனுக்காக எழுந்து போறவங்க போகட்டும்மா."

சொன்னது வாய். துப்பட்டா நுனி விரலில் சுற்றியது, அவிழ்ந்தது, மறுபடி சுற்றியது.

என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. நான் சுரங்கத்துக்காரன். பூமியின் தோலை உரித்து, சதையை அள்ளி, கருப்பாக எது அகப்பட்டாலும் கொண்டுபோய்க் கரண்டுக்காகக் கொளுத்துகிற ஊர் எங்களுடையது. கொடியில் காய்ந்த வேட்டியைச் சாம்பல் தட்டிவிட்டுத்தான் கட்டுகிறோம். சுற்றுச்சூழல் தினத்தன்று மரக்கன்று நட ஒரு குழி தோண்டுவோம். தோண்டிய குழிகளிலெல்லாம் அந்த ஒன்றுக்கு மட்டும் ரிப்பன் கட்டுவோம். என் சம்பளத்தில் கடலைப் படித்த பிள்ளை, அந்தச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டாளே, அதுவே பெரிது.

மனைவி இந்த அளவுக்கெல்லாம் குழம்புகிறவள் இல்லை. மகளிடம் சரி என்று தலையாட்டிவிட்டு, வஞ்சிரமும் வாங்கினாள். தடை இல்லாத மேற்குக் கடலிலிருந்து ஐஸில் படுத்து வந்த வஞ்சிரம், எதிர் வீட்டு அக்காவின் பிரிட்ஜில் தலைமறைவானது. "ஒரு ஆபத்துக்குத்தான்," என்றாள் என்னிடம். "மாமன் மூஞ்சி மாறிச்சின்னா கண்ணக் காட்டுங்க. அக்கா வீட்டு அடுப்புலயே வறுத்துக் கொண்டாந்துடறேன்." சுரங்கத்தில் வெடி வைக்கும்போதுகூட எங்களுக்குள் இத்தனை சங்கேதம் கிடையாது.

ஊர் நாடெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்த கோடை அது. நெல்லிக்குப்பத்தில் கரண்ட் வருவதுதான் செய்தி. எங்கள் குவார்ட்டர்ஸில் ஃபேன் நிற்பதில்லை. உள்ளே நுழைந்த தாய்மாமன் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.

"ராத்திரி பூரா இது சுத்துமாங்க?"

"சுத்துங்க."

"நாங்க வூட்ல விசிறிகினு ஒக்காந்துகினு கெடக்கறோம். பொண்ணு எடுக்கறதுக்கு பதிலா இந்த வூட்ட எடுத்துக்கலாம் போல இருக்குது."

பையனின் அம்மா சிரித்தார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போட்டோவில் பார்த்ததைவிட இளைத்திருந்தான். வேலை அலைச்சல் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

இலை விழுந்தது. மகளே பரிமாறினாள். மாங்காய் போட்ட கிழங்கான் குழம்பு. மீனின் ருசி தெரியட்டும் என்று காரத்தைக் குறைத்திருந்தாள். வறுவலும் அதே மீன்.

தாய்மாமன் இலையைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். பையனின் அம்மா தன் அண்ணனைப் பார்த்தார். சோறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு கையும் இறங்கவில்லை.

"கிழங்கானா?" என்றார் தாய்மாமன்.

"ஆமாங்க. ரொம்ப நல்ல மீனுங்க," என்று சொல்லிக்கொண்டே நான் கண்ணைக் காட்டினேன். மனைவி அதற்கு முன்பே எதிர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

"யாருக்கு நல்லது?"

மகள் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "சுத்தி வளைக்க வேணாங்க. யாரு சொன்னது உங்களுக்கு?"

"எதைங்க?"

"சந்தேகம்னா வாயால கேட்டிருக்கலாம். பத்திய மீன இலையில வெச்சி சொல்லிக்காட்டறது என்ன மொறைங்க?"

பையனின் அம்மாவுக்குத் தாங்கவில்லை. "வயித்துல புண்ணுதாங்க. ஆபரேஷன் பண்ணி நல்லா ஆயிடுச்சி. புண்ணுன்னு சொன்னா குடிக்கிற புள்ளன்னு பேசுவாங்கன்னுதான் மறைச்சோம். அவன் டீ கூட ஒழுங்கா குடிக்க மாட்டாங்க."

மாமன் முகம் எதற்கு மாறியது என்று அப்போதுதான் உறைத்தது. வாடையே இல்லை என்று பெயரெடுத்த மீன், நெல்லிக்குப்பத்திலிருந்து பத்திரமாக மூடி எடுத்துவந்த சேதியைத் திறந்து போட்டுவிட்டது.

கரண்டியும் கையுமாக நின்ற மகள் பையனிடம்தான் கேட்டாள். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க கடலப் பத்தியே பேசிகினு இருந்தீங்க. நடுவுல என் வயித்த எங்க கொண்டாந்து வைக்கிறது?"

அவள் தாய்மாமன் பக்கம் திரும்பினாள். "எங்களுக்கு ஒண்ணும் தெரியாது மாமா. யாரையும் குத்திக்காட்டல. கடல்ல வஞ்சிரம் கொறைஞ்சிட்டு வருது. அதனால இத வெச்சேன்."

"கடலுக்காகவா?"

"ஆமா."

"இங்க நெலத்தப் பூரா நோண்டிகினு, கடலுக்காகவா?"

"அது அப்பா டிபார்ட்மென்ட் மாமா."

நான் ஃபேனைப் பார்த்தேன். இந்த வீட்டில் அது ஒன்றுதான் குறை சொல்லாமல் சுற்றியது.

தாய்மாமன் சிரிக்கவில்லை. "இப்ப விசயம் தெரிஞ்சிபோச்சி. நீங்கதான் சொல்லணும். நாங்க கை வைக்கலாங்களா?"

மாப்பிள்ளை வீட்டார் அனுமதி கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. எல்லோரும் பார்த்த இடத்தையே நானும் பார்த்தேன். மகள் குனிந்து பையனின் இலையில் இன்னொரு மீனை வைத்தாள்.

"ஆறிடும்," என்றாள். "சாப்பிடுங்க. மத்தத அப்புறம் போன்ல பேசிக்கலாம். கடல் இல்லாம."

அவன் கையை வைத்தான். பிசைந்தான். பிறகு அவன் அம்மா, கடைசியாகத் தாய்மாமன். மூன்று கைகளும் நனைந்தன.

அப்போது வாசலில் மனைவி தோன்றினாள். தட்டு நிறைய வஞ்சிரம், அகலத் துண்டுகளாக, எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருக்க. வீடே மணத்தது. மகள் தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மறுபடி ஃபேனுக்குப் போனேன்.

"இதுவும் கடலுக்கு நல்லதுதானுங்களே?" என்று தாய்மாமன் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார்.

தட்டு பையனிடம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகக் கிழங்கானை மட்டுமே தின்று அலுத்த வாய் அது என்று அவன் அம்மா அதற்குள் சொல்லியிருந்தார். அவன் வஞ்சிரத்தைப் பார்த்தான். எச்சில் விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. பிறகு இடது கையை இலைக்கு மேல் விரித்து மறித்தான்.

"வேணாங்க அத்தை. எனக்குக் கிழங்கான்னா ரொம்பப் புடிக்கும்."

சமையலறைக்குள் வந்ததும் மனைவி என் காதில் சொன்னாள். "முழுப் பொய்."

வெளியே மகள் அவனுக்கு மேலும் ஒரு கிழங்கானை வைத்துக்கொண்டிருந்தாள்.