வலது பின்சக்கரம்

என் வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் பாம்புக்காது. எனக்குப் பிடிக்காத பெயர். ஆனால் அந்தக் காதை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பின்சக்கரத்தில் சத்தம் என்று யார் வந்தாலும் உடனே ஜாக்கி போட்டுத் தூக்கமாட்டார். வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிவிட்டு, பின்சீட்டை மடித்து, சக்கரங்களுக்கு நடுவே வண்டியின் தரையில் காதை வைத்துப் படுத்துவிடுவார். நாலு தெரு சுற்றுவதற்குள் சொல்லிவிடுவார்: பிரேக் டிரம்முக்குள் கல், பிரேக் லைனிங் தேய்மானம், பேரிங் அவுட். பின்னால் டங்கு டங்கென்று இடிக்கிறது, ஆக்சில் உடைந்துவிட்டது என்று அழாத குறையாக வந்த ஒருவருக்கு, படுக்காமலேயே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் நட்டை முறுக்கி அனுப்பினார். இருபது வருஷம் இப்படியே போனால் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்?

போன வருஷம் பட்டறையில் காற்றடிக்கும்போது ஒரு லாரி டயர் அவருடைய வலப்பக்கத்தில் வெடித்தது. காயம் எதுவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து போன் இடது காதுக்கு மாறிவிட்டது. வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. டாக்டரிடம் போகலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன்.

"என் காதுக்கு என்னடி? உன் குரல்தான் சின்னதாயிடுச்சு."

என் குரலைச் சின்னது என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். நானும் விட்டுவிட்டேன். விஷயம் வெளியே தெரிந்தால் பட்டறைக்கு யார் வருவார்கள் என்று எனக்கும் பயம்.

திங்கட்கிழமை அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனார், தன் பள்ளிக்கூட வேனைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன்.

"பின்னாடி ஊம்னு ஒரு முனகல்டா தம்பி. வேகமா போனா கூடுது."

அவர் படுத்தார். சாப்பாடு கொண்டுபோன நானும் வலது ஓர சீட்டில் ஏறிக்கொண்டேன். வண்டி இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம் முனகல் என் காலுக்கு அடியில் கூடியது. பாதம் அதிர்ந்தது. வண்டி நின்றதும் அவர் எழுந்து, "இடது பேரிங்" என்றார்.

கேட்கிற காது இடது மட்டும்தான் என்றால் எல்லாச் சத்தமும் இடதிலிருந்துதானே வரும்? எனக்கு அப்போதே உறைத்தது. வாயைத் திறந்தேன். அண்ணி தம்பியைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

இடது பேரிங்கை மாற்றினார். முனகல் அப்படியே இருந்தது. "புதுசுக்கா, நாலு நாள் ஓடினா அடங்கிடும்" என்று அனுப்பிவிட்டார். புதுப் பேரிங் எந்த ஊரில் முனகும்?

மறுநாள் காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டின அறையையே திரும்பக் கூட்டினேன். வாளி நிரம்பி வழிவது பக்கத்து வீட்டுக்காரி கத்திய பிறகுதான் தெரிந்தது. அண்ணிக்கு நாலு தடவை போன் போட்டேன். வண்டி ஓட்டும்போது போனைத் தொடமாட்டார். அந்த நல்ல பழக்கத்தை அன்றைக்கு வாயார வைதேன். பேரிங் இறுகிப்போய்ச் சக்கரம் கழன்றால்? பன்னிரண்டு பிள்ளைகளின் முகமும் எனக்குத் தெரியும். மூன்று மணிக்குச் செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன்.

அவர் குனிந்து ஏதோ கழற்றிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே வலப்பக்கம் போய் நின்றேன்.

"வேன்ல போனது வலது பேரிங்."

திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பிறகு இடப்பக்கம் வந்து அதையே சொன்னேன். நிமிர்ந்தார்.

"என்ன சொன்ன?"

"இதையேதாங்க அந்தப் பக்கம் நின்னு ரெண்டு தடவை சொன்னேன்."

முகம் சிவந்தது. ஸ்பானரை வீசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தார். கையைத் துடைக்காமலேயே ஸ்கூட்டரை எடுத்தார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

பள்ளிக்கூட வாசலில் வேன் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. இடது பின்சக்கரத்தின் நடுவில் கை வைத்தார். வெதுவெதுப்பு. வலதுபக்கம் போய் வைத்தவர், வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். மணி அடித்தது.

"அக்கா, யாரையும் ஏத்தாத."

"ஏன்டா? நேத்துதானே சரி பண்ணின?"

வாசல் நிறையப் பெற்றோர்கள். அதில் பாதிப் பேர் பட்டறைக்கு வருகிறவர்கள். கடைக்காரன் மட்டமான பேரிங்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். பொய் அவ்வளவு தயாராக இருந்தது. அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"என் வலது காது கேக்காதுக்கா. ஒரு வருஷமாச்சு. தப்பா சொல்லிட்டேன்."

அண்ணி வேனின் கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைகளை அனுப்ப வேறு வண்டிக்குப் போன் செய்தார்.

அடுத்த இரண்டு நாள் பட்டறைக்கு ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள், அன்று வாசலில் மகளைக் கூப்பிட வந்து நின்றிருந்தவர் ஒருவர் காரோடு வந்தார். பின்னால் கிரீச்சென்று சத்தமாம். என் வீட்டுக்காரர் சீட்டை மடித்தார். இடது ஓரமாக ஒதுங்கிப் படுத்து, வலப்பக்கத்துத் தரையைத் தட்டினார்.

"வா. இந்தப் பக்கம் உனக்கு."

புடவையெல்லாம் கிரீஸ் ஆகும் என்று முணுமுணுத்துக்கொண்டே படுத்தேன். வண்டி கிளம்பியது.