பித்தக்குழாயில் விழுந்த பிரேக்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மாங்காய் சீசன் முடியப்போகிற சமயம். சித்தூர் பக்கத்துக் கங்காதர நெல்லூரில் என் மச்சினன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். திருப்பதியிலிருந்து நானும் மனைவியும் போயிருந்தோம். நான் அரசு பஸ் டிரைவர், அதுவும் திருமலைக்குப் போகும் மலைப்பாதையில் ஓட்டுகிறவன். அந்தப் பாதையில் எல்லா டிரைவரையும் விடமாட்டார்கள். தனிப் பயிற்சி உண்டு, உடம்பையும் அடிக்கடி சோதிப்பார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று மனைவி சொல்வாள். இருக்கலாம்.

அன்றைக்கு எனக்கு வறட்டு இருமல். வந்தவர்களோடு இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. மாமனாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த இருமல் மருந்து மீதி இருந்ததை மச்சினன் எடுத்துக்கொண்டு வந்தான்.

"இத குட்ச்சிப் பாரு மாமா, இருமல் கப்புனு நிக்கும்" என்றான்.

தூக்கம் வருகிற மருந்து அது. அதைக் குடிக்கிற டிரைவர் என்று டிப்போவில் பேர் வந்தால் அவ்வளவுதான், யாரும் நம்ப மாட்டார்கள். மறுநாள் மாலைதான் டூட்டி, அதற்குள் தெளிந்துவிடும் என்று நானே முடிவு கட்டி, இரண்டு மூடி குடித்தேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன்.

பந்தியில் உட்கார்ந்து நெய் ஊற்றிய சாம்பார் சோற்றைத் தாண்டியிருக்க மாட்டேன். மேல்வயிற்றில் ஒரு வலி கிளம்பியது. கிளம்பின வேகத்திலேயே நெஞ்சுக்கு ஏறி முதுகுக்குப் போனது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. இலையை அப்படியே விட்டு எழுந்தேன், நிற்க முடியவில்லை. "ஹார்ட்டுதான்" என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

மச்சினன் காரில் சித்தூருக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு கிளினிக்கில் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். சிறிது நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. அந்த மாத்திரைக்கு அடங்கினால் அது இதய வலியேதான் என்று மச்சினன் தீர்ப்பே எழுதிவிட்டான். எனக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை. உயிர் பயம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று மனதில் ஓடியது. இதய நோயாளி என்று ஒரு முறை எழுதிவிட்டால் மலைப்பாதை எனக்கு இல்லை. டிப்போவில் எங்காவது ஒரு மேஜை கொடுப்பார்கள். ஸ்டீயரிங் பிடித்த கைக்கு அது ஜெயில்தான்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் நம்ப முடியாது என்றார்கள். அதற்குள் வலி திரும்பவும் பிடித்துக்கொண்டது. வலியை அடக்கப் பெரிய ஊசி ஒன்றை நர்ஸ் தயார் செய்துகொண்டிருந்தார். டூட்டியில் இருந்தது ஒரு இளம் பெண் டாக்டர். தெலுங்குக்காரர், எங்களோடு தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் சின்னத் தழும்புகளைக் கவனித்தார்.

"பித்தப்பை தீஸேஸாரா? எடுத்துட்டாங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். சில வருடங்களுக்கு முன் கல் இருந்ததால் வேலூரில் எடுத்தது. இல்லாத உறுப்பு என்ன தொல்லை கொடுக்கும் என்று நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"இன்னைக்கு மாத்திரை, மருந்து ஏதாவது சாப்ட்டீங்களா?"

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன். சொல்லிக்கொண்டே மனைவியைப் பார்த்தேன். மச்சினன் வீட்டில் காட்டிய அதே கண்ஜாடை.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. டாக்டரிடம் போய், "இருமல் மருந்து குட்ச்சாரும்மா. ரெண்டு மூடி. வேல பூடும்னு பயந்துக்கினு மறைக்கறாரு" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் வலியே ஒரு நிமிஷம் மறந்தது. மருந்தின் பேரைக் கேட்ட டாக்டர், "ஆகண்டி, அந்த ஊசி வேணாம்" என்று நர்ஸைத் தடுத்துவிட்டு வேறு மருந்து போடச் சொன்னார். வலி மெல்ல இறங்கியது.

பிறகு பொறுமையாக விளக்கினார். நெய், எண்ணெய் குடலுக்கு வந்ததும் குடல் ஒரு ரசாயனத்தை ரத்தத்தில் விடுமாம். பித்தப்பையைச் சுருங்கச் சொல்வதும், பித்தக்குழாயின் வாசலில் உள்ள வளையத் தசையைத் தளரச் சொல்வதும் அதுதான். நான் குடித்த மருந்தோ அதே தசையை இறுக்கிப் பிடிக்கும். பித்தப்பை இருந்தால் பித்தம் அங்கே ஒதுங்கும். எனக்கு அது இல்லை, அழுத்தம் முழுக்கக் குழாயில்தான். நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை இதயத்துக்கு மட்டுமல்ல, அந்தத் தசையைத் தளர்த்தவும் உதவும். நர்ஸ் கையில் இருந்த ஊசியோ அதே வகை மருந்து, இருமல் மருந்துக்குப் பெரியண்ணன். போட்டிருந்தால் பிடி இன்னும் இறுகியிருக்கும்.

"உங்க பாஷைல சொன்னா, பிரேக் விழுந்துடுச்சு. அது மேலயே இன்னொரு வாட்டி மிதிக்க இருந்தோம்" என்றார்.

ரத்தப் பரிசோதனையும் அவர் சொன்ன பக்கமே சாய்ந்தது. மறுநாள் இதயத்தையும் முழுக்கப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். டிப்போவில் நடந்ததை நானே சொன்னேன். மேலதிகாரி நன்றாகத் திட்டினார், சில நாள் ஓய்வு கொடுத்தார், பிறகு வண்டியைக் கொடுத்தார்.

மனைவியோடு ஒரு வாரம் நான் சரியாகப் பேசவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் மலைமேல் திருப்பத்தில் வண்டியை வளைக்கும்போது நினைத்துக்கொள்வேன்: வேலையைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்தான் அன்றைக்கு அந்த வேலையைத் தின்றிருக்கும், என் பேச்சைக் கேட்காத ஒருத்தி பக்கத்தில் இருந்ததால் நான் இன்னும் டிரைவர்.