சிக்னலில் நின்றுவிடும் கார்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகியிருந்தபோது எங்கள் காரும் மக்கர் செய்ய ஆரம்பித்தது. இருபத்தைந்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார், கார்புரேட்டர் வைத்த பழைய வகை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் அவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். நான் ஓட்டக் கற்றிருந்தேனே தவிர, அந்த பானெட்டை எப்படித் திறப்பது என்றுகூடத் தெரியாது.

அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் கலூருக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். மடங்காத காலோடு ஆட்டோவில் ஏற்ற முடியாது. காரின் முன் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளினால் ஒரு மாதிரி உட்கார வைத்துவிடலாம். அதனால் அந்தக் கார் எங்களுக்கு வேண்டியிருந்தது.

மழை பிடித்ததும் தொந்தரவு தொடங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. சோக்கை இழுத்து வைத்து ஐந்தாறு தடவை முயன்றால் இருமிக்கொண்டு பிடிக்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி முழுவதும் உதறி அணைந்துவிடும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. நின்றால்தான் வினை. தோப்பும்படி சிக்னலில் ஒரு நாள் மூன்று முறை அணைந்தது. பின்னால் பஸ்கள் ஹாரன் அடித்தன. பக்கத்து சீட்டில் இவர் இடது கையால் டேஷ்போர்டைத் தட்டிக்கொண்டு, "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்றார். என்னைத் திட்டுகிறார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்துச் சந்தில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். மலையாளி. எங்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் வரும். ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு என்ஜின் இரும்பில் ஒட்டவைத்து, என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார். நீலமாகப் பொறி பறந்தது.

"பாட்டரி கொழப்பமில்ல சேச்சி. கரண்டும் வருது. ஈரமா இருக்கும்," என்று டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து துடைத்துக் காயவைத்தார். இரண்டு நாள் ஓடியது. மறுபடியும் அதே கதை. அடுத்த முறை பெட்ரோல் பில்டரை மாற்றினார். அதற்கும் அடுத்த முறை கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். எதற்கும் வண்டி சரியாகவில்லை.

நான்காவது முறை வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. இவரை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றிக் காட்டினார்.

"வெளுத்துப் போயிருக்கு பாத்தீங்களா? பெட்ரோல் போதல. கார்புரேட்டர் மாத்தணும் சேச்சி. இந்தப் பழைய சாதனம் இனி எவிட கிட்டும்னு தேடணும்."

பிளக்குகளை மாட்டி மறுபடியும் ஸ்டார்ட் செய்தார். வண்டி உதறியது. இவர் காரை நோக்கிக் கையை நீட்டி, "ஸ்ஸ்... ஸ்ஸ்..." என்றார்.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். "சேட்டனுக்கு மூத்திரம் முட்டுதுன்னு தோணுது."

உள்ளே பாத்ரூமுக்கு அழைத்துப் போனேன். வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். மறுபடியும் "ஸ்ஸ்." மறுபடியும் தூக்கிப் போனேன், அப்போதும் இல்லை. மூன்றாவது தடவை அவர் வர மறுத்தார். வாசல் கதவை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மெதுவாகப் பிரிக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் உள்ளே இழுத்துப் போனேன்.

அவரைக் குளிப்பாட்டுவதற்காக பாத்ரூம் குழாயில் ஒரு ரப்பர் டியூப் மாட்டியிருந்தேன். ஸ்டூலில் உட்கார வைத்ததும் அதை எட்டிப் பிடித்தார். என் முகத்துக்கு நேரே தூக்கி, நடுவில் கட்டை விரலால் அழுத்திக் காட்டினார். "ஸ்ஸ்." பிறகு தலையை வாசல் பக்கம் திருப்பினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மெக்கானிக்கிடம் ஓடினேன்.

"சேட்டா, வண்டியில ரப்பர் டியூப் ஏதாவது இருக்கா? காத்துப் போற மாதிரி?"

என்னை ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லிவிட்டு, அவர் குனிந்து என்ஜின் பக்கத்தில் காதை வைத்தார். கையை உள்ளே விட்டுத் தடவினார். என்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் தடித்த டியூபின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், நீளமாக வெடித்திருந்தது. அதை விரலால் பொத்தினார். உதறல் சட்டென்று நின்றது. வண்டி ஒரே சீராக உறுமியது.

"என்டெ தெய்வமே," என்றார். "இது வழியா காத்து உள்ள கேறுது. பின்ன பெட்ரோல் எப்படிப் போதும்? சேட்டன் ஆதியம் முதல் இதைத்தான் சொல்லிட்டிருந்தார்."

நான் உள்ளே போனேன். அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இடது கை விரல்கள் சிவந்திருந்தன. "கண்டுபிடிச்சாச்சுங்க," என்றேன். திரும்பவில்லை. "மன்னிச்சிருங்க," என்றேன். அதற்கும் திரும்பவில்லை.

மறுநாள் புது டியூப் போட்டதும் கார் சரியாகிவிட்டது. வாரம் இரண்டு நாள் கலூர் போய்வந்தோம். அவர் ஏதாவது முனகினால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், வலிக்கிறதா, பசிக்கிறதா, விசிறி வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். சில சமயம் தலையாட்டுவார். பல சமயம் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நாளாக நாளாக முனகுவதையும் குறைத்துக்கொண்டார். முயற்சி செய்வதை விட்டுவிட்டார் என்று பிசியோதெரபி செய்த பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். எதனால் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே பக்கவாதம் இரண்டாவது தடவை வந்தது. ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். ஆறு நாள் கழித்து இறந்துபோனார்.

காரைப் பாலக்காட்டிலிருந்து வந்த அவர் தம்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். போகும் முன், என்ஜின் நன்றாக இருக்கிறதே அண்ணி, யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார். உங்கள் அண்ணன்தான் என்று சொன்னேன். மற்றதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.