இடது தொட்டி

கம்போ ரோஹோ விமானப் பயிற்சித் தளத்தின் வாசலில், இடுப்பளவு சிமென்ட் மேடைமேல் ஒரு பழைய மஞ்சள் விமானம் நிற்கிறது. கீழே பித்தளைத் தகடு. தன் உயிரைப் பணயம் வைத்து ஒரு பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிய மாணவ விமானியின் நினைவாக என்று அதில் பொறித்திருக்கிறார்கள். அந்த மாணவ விமானி செத்துப்போய்விடவில்லை. தொப்பையும் பதக்கங்களுமாகத் தளத்தின் தலைமை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். உயிரோடிருக்கும்போதே தனக்கு நினைவுச்சின்னம் வைத்துக்கொள்ளத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். கர்னல் ரோலோனுக்கு அது தாராளமாக இருந்தது.

நிசேத்தா ஓவெலார் முப்பத்தேழு வருஷம் அந்த வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தாள். கடைசி முப்பத்திரண்டு வருஷம் அந்த விமானத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அவள் வேலை பாராசூட் மடிப்பது. இருபத்திரண்டு வயதில், பூப்பின்னல் போடும் விரல்கள் என்பதற்காக எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு மீட்டர் நீள மேஜை, அதன்மேல் வழுக்கி ஓடும் துணி, இருபத்தெட்டுக் கயிறுகள். ஒரு மடிப்புக் கோணினால் ஒரு உயிர் போகும். மடித்து முடித்து, உள்ளே வைக்கும் சீட்டில் தன் பெயரை எழுதுவாள். அந்தத் தளத்தில் தான் செய்த வேலைக்குக் கீழே தன் பெயரைத் துணிந்து எழுதிய ஒரே ஆள் அவள்தான் என்று தோன்றுகிறது.

தளத்தின் பெருமையைக் கேட்டால் காது புளிக்கும். முப்பதுகளில் நடந்த சாக்கோ எல்லைப் போருக்கு முன்னால், மாடு மேய்ந்த செம்மண் வெளியில் இரண்டு விமானங்களோடு ஆரம்பித்தார்களாம். அதில் ஒன்று முதல் வாரமே மாட்டின்மேல் மோதிப் படுத்துவிட்டது. மிச்சமிருந்த ஒன்றில் பயின்ற சிலர் நிஜமாகவே போருக்குப் போனார்கள், சிலர் திரும்பவில்லை. அவர்களைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பிறகு வந்த தலைமுறைகள் வேறு ரகம். இங்கே சட்டையில் சிறகுச் சின்னம் குத்திக்கொண்டு போனவர்களில் பாதிப்பேர் ஜெனரல்களின் மனைவிமாரைத் துணிக்கடைக்கும், மச்சான்மாரை மீன்பிடிக்கவும் ஏற்றிப் போய்த்தான் தலை நரைத்தார்கள். ஆனாலும் நுழைவாயில் வளைவில் 'கழுகுகளின் கூடு' என்று எழுதியிருக்கிறது. ஓடுபாதையில் இன்றைக்கும் மாடு நிற்கிறது.

மடிப்பறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பாராசூட்டால் பிழைத்தவன் அன்று சூரியன் சாய்வதற்குள் மடித்தவளிடம் ஒரு புட்டி கரும்புச் சாராயம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஏன் குதித்தான் என்பதை லேபிளில் தன் கையாலேயே எழுத வேண்டும். பொய் எழுதினாலோ படித்தாலோ தளத்தில் அடுத்துக் குதிப்பவனுக்குப் பாராசூட் விரியாது என்று நம்பிக்கை. அதன்பின் புட்டி மேல் தட்டில், லேபிள் சுவரைப் பார்த்தபடி நிற்கும். மடித்தவள் ஓய்வுபெறும் நாளில்தான் திறப்பார்கள். பிழைத்தவனே லேபிளை எல்லோருக்கும் முன்னால் படித்து, முதல் மிடறு குடிக்க வேண்டும். அதுவரை அதைப் பற்றி ஒருவரும் பேசக்கூடாது.

நிசேத்தாவின் தட்டில் நான்கு புட்டிகள் இருந்தன. இரண்டாவது புட்டி ரோலோனுடையது.

1981 மே மாதம், கடேட் ரோலோனுக்கு இருபது வயது. தனியாகப் பறந்துகொண்டிருந்தபோது என்ஜின் நின்றது. காரணம் பெரிய மர்மமல்ல. விமானத்தில் வலது தொட்டி, இடது தொட்டி என்று இரண்டு பெட்ரோல் தொட்டிகள். ஒன்று தீர்ந்தால் கைப்பிடியை அடுத்ததற்குத் திருப்ப வேண்டும். வலது தொட்டி தீர்ந்தது, பையன் திருப்பவில்லை. கைப்பிடி முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவன் விமானத்தின் கண்ணாடி மூடியைத் திறந்து குதித்துவிட்டான். நிசேத்தா மடித்த பாராசூட் பூப்போல விரிந்து அவனை ஒரு லபாச்சோ மரத்தில் மாட்டிவிட்டது. ஓட்ட ஆளில்லாத விமானமோ தானாகவே மிதந்து வந்து, ஒரு மரவள்ளித் தோட்டத்தில் இறங்கி நின்றது. விசிறியும் ஒரு சக்கரமும் மட்டும்தான் சேதம். விமானியைவிட விமானம் நன்றாகப் பயிற்சி பெற்றிருந்தது.

அன்று சாயங்காலம் ரோலோன் மடிப்பறைக்கு வந்தான். முகமெல்லாம் கீறல், அழுது வீங்கிய கண். தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உறுதியாக நம்பினான். லேபிளில் எழுதி, புட்டியை நீட்டி, அவள் கையில் முத்தமிட்டான். பாவம் பிள்ளை என்று நிசேத்தா அன்று நிஜமாகவே இரங்கினாள். பின்னால் நினைக்கும்போதெல்லாம் அந்த இரக்கத்துக்காகவே தன்மேல் கோபம் வரும்.

ஏனென்றால் அவனுக்கு ஒரு சித்தப்பா இருந்தார், ஜெனரல். மூன்றே நாளில் அறிக்கை தயார். என்ஜின் கோளாறு, மெக்கானிக் ஒரு குழாயைச் சரியாக முடுக்கவில்லை. மெக்கானிக் க்ரெசென்சியோ ஓவெலார், ஊரில் செஞ்சோ. நிசேத்தாவின் கணவன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கட்டியவனையே பிடித்து உள்ளே போட்டார்கள். பதினொரு நாள் கொட்டடி, பிறகு வேலை நீக்கம்.

மரவள்ளித் தோட்டத்துக்கு முதலில் ஓடியவன் செஞ்சோதான். கைப்பிடி வலது பக்கமே நின்றதைப் பார்த்துச் சொல்லவும் சொன்னான். ஒரு கேப்டன் கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்தி, "உனக்குக் கண்ணு தெரியல, அவ்வளவுதான்," என்றார். நல்ல என்ஜினைக் கெட்டது என்று எழுதிவிட்டபின் அதை எப்படி மறுபடி ஓட்டுவது? விமானத்தைக் கொட்டகையில் பூட்டி வைத்து, சில மாதம் கழித்து வாசலில் ஏற்றி நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் கதைக்குள் வந்தது அப்போதுதான். அந்தப் பக்கம் ஐந்து மைலுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது.

கொட்டடியிலிருந்து வந்தவனிடம் நிசேத்தா லேபிளைப் பற்றிச் சொன்னாள். அவன் யோசித்துவிட்டுச் சொன்னான்.

"இப்போ வாயைத் திறந்தா உன்னையும் தூக்குவானுங்க. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து சுவத்தையா திங்கறது? புட்டி அங்கேயே இருக்கட்டும்."

அவன் தண்ணீர் பம்பும் சைக்கிளும் பழுது பார்க்க ஆரம்பித்தான். "விமானத்தையே விழ வச்சவன், என் பம்பை என்ன பண்ணப் போறானோ!" என்று சந்தையில் சிரிப்பார்கள். அவனும் சிரித்து வைப்பான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசமாட்டான். நிசேத்தா மறுநாள் காலையில் போய், அதே ஆட்களுக்குப் பாராசூட் மடிப்பாள். ஆத்திரத்தில் ஒரு மடிப்பைக்கூட அவள் கோணவிட்டதில்லை. நாட்டை ஆண்ட சர்வாதிகாரி போனார், ஆட்சிகள் மாறின. ரோலோன் மட்டும் ஏறிக்கொண்டே போனார்.

அவள் ஓய்வுபெறும் வாரம், கர்னல் ரோலோன் கூப்பிட்டனுப்பினார். தளத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். முந்நூறு பக்கம், அதில் அவர் படம் மட்டும் நாற்பத்தொன்று.

"வாங்க, தோன்யா நிசேத்தா! உங்க போட்டோ ஒண்ணு போடணும். இந்தத் தளத்துக்கே அம்மா நீங்க."

"எனக்கு ரெண்டு பசங்கதான், என் கர்னல். ரெண்டும் ஒழுங்கா வளந்துச்சு."

அவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு, தன் வீரதீரப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்தார். நின்றபடியே படித்தாள். 'மெக்கானிக் க்ரெசென்சியோ ஓவெலார் குடிபோதையில் செய்த தவறால்' என்று இருந்தது. பழைய அறிக்கையில்கூடக் குடி இல்லை. செஞ்சோ நாக்கில் சாராயம் பட்டதே கிடையாது. நிசேத்தாவுக்கு முப்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு வெறுப்பு வந்ததில்லை.

"இதுல என் வீட்டுக்காரர் பேரு இருக்கு."

"அட, அது வரலாறு, தோன்யா. வரலாறுன்னு வந்துட்டா சொந்தம் பந்தம் பாக்கக்கூடாது."

"குடிச்சிருந்தார்னு யாரு சொன்னா?"

"மெக்கானிக்குங்க குடிக்காமயா இருப்பாங்க?" என்று சிரித்தார். "கதைக்கு ஒரு காரணம் வேணும்ல."

"எப்போ அச்சுக்குப் போகுது?"

"திங்கக்கிழமை."

"வெள்ளிக்கிழமை என் புட்டி திறக்கறோம். வந்துருங்க."

"வராம? உயிர் பொழச்சவன்தானே படிக்கணும்! என்ன எழுதினேன்னே ஞாபகமில்ல, போங்க. ஏதாவது கவிதையா எழுதியிருப்பேன்."

பயத்தில் எழுதியதை மனிதன் எவ்வளவு சௌகரியமாக மறந்துவிடுகிறான்!

வீட்டில் செஞ்சோ தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமை கர்னலோட புத்தகத்துல உன்னைக் குடிகாரன்னு அச்சடிச்சிருவாங்க. வெள்ளிக்கிழமை நீ வரணும்."

"அந்த வாசலை மிதிக்கமாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல."

"மிதிக்காதே. சைக்கிள்ல வா."

வெள்ளிக்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டான்.

மடிப்பறையில் நீள மேஜைமேல் சீப்பா ரொட்டிக் கூடைகள், சுற்றிலும் நாற்பது கடேட்கள். முதல் புட்டிக்காரர், கழுகு மோதிக் குதித்தவர், இப்போது சோயா வயலுக்கு மருந்து தெளிக்கிறார். நேர்மையாகப் படித்து, நேர்மையாகக் குடித்தார். அடுத்து நிசேத்தா இரண்டாவது புட்டியைத் துணியால் துடைத்து நீட்டினாள். கர்னல் தொண்டையைச் செருமி, கண்ணாடியை மாட்டி, லேபிளைப் பார்த்தார். தன் கையெழுத்தைத் தானே அடையாளம் கண்டவருடைய முகம் வெந்த மரவள்ளி மாதிரி வெளுத்துப்போனது.

"எழுத்து மங்கிப்போச்சு," என்றார்.

"வெயில் படாம வச்சிருந்தேன், என் கர்னல். மங்காது."

"என்ஜின்... என்ஜின் திடீர்னு..."

"பொய் படிச்சா விரியாதும்பாங்க. செவ்வாய்க்கிழமை இந்தப் பசங்க குதிக்கப் போறாங்க," என்றாள் நிசேத்தா.

நாற்பது பேரும் கர்னலையே பார்த்தார்கள். அவள் புட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, கதவருகில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற செஞ்சோவிடம் கொடுத்தாள். எழுபத்திரண்டு வயதுக் கண்ணுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. விதைப் பொட்டலத்தைப் படிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் படித்தான்.

"வலது தொட்டி தீர்ந்தது. இடது தொட்டிக்கு மாற்ற மறந்தேன். என்ஜினில் குறையில்லை. பயந்து குதித்தேன். நிசேத்தாவின் கைக்கு நன்றி. கடேட் ரோலோன்."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் தும்மினான். பிறகு அந்த அடக்கமும் போய், அறை முழுக்கச் சிரிப்பு பரவியது.

"இருபது வயசு," என்றார் கர்னல். "பயம்... யாருக்கும் வரும்ல."

"வரும்," என்றான் செஞ்சோ. "ஆனா நான் குடிச்சிருந்தேன்னு எழுதினப்போ உங்களுக்கு அம்பத்திரண்டு."

சிரிப்பு நின்றுபோனது.

"அந்தப் பக்கத்தை எடுத்துடறேன்," என்றார் கர்னல் மெல்ல.

"எடுக்காதீங்க," என்றாள் நிசேத்தா. "லேபிள்ல இருக்கறதை அப்படியே போடுங்க. நாப்பது பேர் கேட்டிருக்காங்க. இப்போ குடிங்க, வழக்கம்."

கர்னல் குடித்தார். சாராயம் ஏறுமாறாகப் போய், கண்ணில் நீர் வர இருமினார். யாரும் முதுகைத் தட்டவில்லை.

மற்ற இரண்டு புட்டிகளையும் முடித்துவிட்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள். செஞ்சோ சைக்கிளை வளைவில் சாய்த்தான். மேடைமேல் ஒரு காலை ஊன்றி ஏறினான். காவல்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிசேத்தாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். கண்ணாடி மூடியின் கொக்கி எங்கே என்று செஞ்சோவின் விரலுக்கு இன்னும் தெரிந்திருந்தது. உள்ளே குனிந்தான். கைப்பிடி ரோலோன் விட்ட இடத்திலேயே, வலது பக்கமே, துருப்பிடித்து நின்றது.

முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நிசேத்தா அந்த விமானத்தை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினான். முதல் தடவை அசையவில்லை. இரண்டாம் தடவை டக்கென்று ஒரு சத்தம், கைப்பிடி இடது பக்கம் போய் நின்றது.

"இவ்வளவுதான் நிசே, வேலை," என்றான், கையிலிருந்த துருவைக் கால்சட்டையில் துடைத்தபடி. "அன்னைக்கும் இவ்வளவுதான்."